வாசகர் கேள்வி, நிபுணர் பதில்: யாரை எந்த மிஷினில் உட்கார வைப்பது?

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 36 பேர், ஆறு வகை வேலை. திறமைக்கு 40, ரிஜெக்‌ஷன் குறைவுக்கு 30, வருகைக்கு 30 என்று வெயிட்டேஜ் போட்டு, அதிக மார்க் வாங்கியவரை முதலில் முக்கிய மிஷினில் போடுகிறேன். மதியத்துக்குள் ஃபோல்டிங் டேபிளில் வேலை மலையாகக் குவிந்துவிடுகிறது. எங்கே பிசகு?
(ஒரு வாசகர், ஆம்பூர்)

பதில்: மார்க் போட்டது சரி. மார்க் வரிசைப்படி ஆளை இறக்கினீர்களே, அங்கேதான் பிசகு.

மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸ்கைவிங் (தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது), ஃபோல்டிங் (அந்த ஓரத்தை மடிப்பது), தையல் என்ற வரிசையில் முதலாமவர் மார்க் 90, 60, 88. இரண்டாமவர் 85, 55, 60. மூன்றாமவர் 70, 60, 75. உங்கள் முறையில் ஸ்கைவிங் முதலாமவருக்கு, தையல் மூன்றாமவருக்கு, ‘டேபிள் வேலைதானே’ என்று ஃபோல்டிங் இரண்டாமவர் தலையில். 90+75+55, மொத்தம் 220. முதலாமவரைத் தையலுக்கும் இரண்டாமவரை ஸ்கைவிங்குக்கும் மூன்றாமவரை ஃபோல்டிங்குக்கும் மாற்றினால் 88+85+60, அதாவது 233. முதலாமவர் ஸ்கைவிங்கை விட்டால் போவது இரண்டே மார்க். இரண்டாமவருக்கோ அதை விட்டால் வேறு கதியில்லை. நகர்த்தினால் எவ்வளவு போகும் என்று எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு ஹங்கேரியன் முறை என்று பெயர். ஹரால்டு கூன் 1955-இல் வெளியிட்டது.

அடுத்தது வருகை. ஒருவரின் வருகை எந்த வேலையில் போட்டாலும் அதேதான். மார்க் அட்டவணையில் அவருடைய ஆறு வேலைக் கட்டங்களிலும் ஒரே எண் கூடுவதால், எல்லோருக்கும் இடம் இருக்கும் நாளில் ஒதுக்கீடு துளிகூட மாறாது. ஆள் அதிகமாகி ஒருவரை வெளியே நிறுத்தவேண்டிய நாளில்தான் அந்த 30 பேசும். அடிக்கடி லீவு போடுபவரை, ஒரே மிஷின் உள்ள இடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது உங்கள் எண்ணமானால், அந்தக் கட்டத்தில் மட்டும் மார்க்கைக் குறையுங்கள். போஸ்ட்பெட் (தூண் போல் உயர்ந்த மேடையுள்ள தையல் மிஷின்) ஓட்டவே தெரியாதவருக்கு 10 மார்க் போட்டு வைக்காதீர்கள். மொத்தம் கூடுமென்றால் கணக்கு அவரையும் அங்கே உட்கார வைத்துவிடும். மைனஸ் 1000 போடுங்கள்.

இந்தக் கணக்கை எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியே போட்டுத் தரும். மார்க் அட்டவணைக்குப் பக்கத்தில் அதே அளவில் வெற்று அட்டவணை ஒன்று. அதில் 0 அல்லது 1 மட்டுமே வரவேண்டும். ஒவ்வொரு ஆளின் வரிசைக் கூட்டல் 1. ஒவ்வொரு வேலையின் கூட்டல், அங்கே தேவையான ஆட்கள். இரண்டு அட்டவணையையும் சம்ப்ராடக்ட் செய்து (கட்டத்துக்குக் கட்டம் பெருக்கிக் கூட்டி) வருவதை அதிகமாக்கச் சொல்லுங்கள். கணக்குப் போடும் முறையாக சால்வர் முதலில் காட்டுவது ஜிஆர்ஜி. அதை சிம்ப்ளக்ஸ் எல்பி என்று மாற்றுங்கள். ஆப்ஷன்ஸில் இன்டிஜர் ஆப்டிமாலிட்டி (சிறந்த விடைக்கு எவ்வளவு அருகில் வந்தால் நிறுத்தலாம் என்ற அளவு) 1 சதவீதம் என்றிருக்கும். அதை 0 ஆக்காவிட்டால் கொஞ்சம் மட்டமான விடையோடு நின்றுவிடும். 36 பேர், 6 வேலை என்றால் 216 கட்டம். எக்செலோடு வரும் சால்வர் 200 கட்டத்தைத் தாண்டாது. கட்டிங் ஆட்கள் எப்படியும் தையலுக்கு வரப்போவதில்லை, அவர்களைத் தனியே பிரித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து ஒன்றை விட்டால் குவியல் திரும்பவும் வரும். லைனில் மிக மெதுவான வேலை எத்தனை ஜோடி தருகிறதோ, கடைசியில் பெட்டிக்குள் போவதும் அத்தனைதான். ஆளுக்கு மணிக்கு எத்தனை ஜோடி என்று தனி அட்டவணை போட்டு, எந்த வேலையிலும் மொத்தம் இலக்குக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

கேள்வி: ஏஎச்பி முறையில் (இரண்டிரண்டாக ஒப்பிட்டு எது எத்தனை மடங்கு முக்கியம் என்று பார்ப்பது) வெயிட்டேஜ் கண்டுபிடித்தேன். ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.22 வருகிறது. தொடரலாமா?
(ஒரு வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: கூடாது. இந்த முறையை உருவாக்கிய தாமஸ் சாட்டி வைத்த வரம்பு 0.10. நீங்கள் அனுப்பிய மூன்று ஒப்பீட்டைப் பார்த்தால் காரணம் தெரிகிறது: திறமை தரத்தைவிட 3 மடங்கு, தரம் வருகையைவிட 3 மடங்கு, ஆனால் திறமை வருகையைவிட 2 மடங்குதான் என்கிறீர்கள். அதை 5 ஆக்கினால் விகிதம் 0.03-க்கு இறங்கும். விகிதம் இறங்கவேண்டும் என்பதற்காக மாற்றாதீர்கள்; முதலாளியிடம் அந்த ஒரு ஒப்பீட்டை மட்டும் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நர்சிங் ஹோமில் 13 நர்ஸ்கள். மூன்று ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு நான்கு பேர், வாரம் ஒரு நாள் லீவு. சால்வர் ‘விடை இல்லை’ என்றே சொல்கிறது.
(ஒரு வாசகி, வேலூர்)

பதில்: அது சொல்வது உண்மை. வாரத்துக்கு 3×4×7, அதாவது 84 ட்யூட்டி. 13 பேர் ஆறு நாள் வந்தாலும் 78தான். 14 பேர் இருந்தால் கணக்கு சரியாகும், ஆனால் ஒருவர் லீவு போட்டாலும் உடைந்துவிடும். ஆள் எடுக்கும் வரை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ‘எத்தனை பேர் குறைவு’ என்று ஒரு கட்டம் வைத்து, நைட்டில் ஒருவர் குறைந்தால் 100, பகலில் குறைந்தால் 40, கேட்ட நாளில் லீவு கிடைக்காவிட்டால் 10 என்று தண்டப் புள்ளி போட்டு, மொத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நைட் முடித்தவருக்கு மறுநாள் காலை ட்யூட்டி கூடாது என்பதற்கு மட்டும் புள்ளி வைக்காதீர்கள். அது கட்டாய நிபந்தனையாகவே இருக்கட்டும்.