மொரிஸ் மைனர் உறுமலுக்கு: பழைய எயார் கிளீனரையே போடுங்கள்

தட்டை எயார் பில்டர் போட்ட உங்கள் மொரிஸ் மைனர் கார், கொழும்பு–காலி வீதியில் அக்சிலரேட்டரை மிதித்ததும் உறுமுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தட்டை பில்டரைக் கழற்றிவிட்டு, நீண்ட மூக்குக் குழாய் உள்ள பழைய டப்பாவையே திரும்பப் போடுங்கள். உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். காபரேட்டர் காற்றை உறிஞ்சும் துடிப்பை அந்த டப்பாவும் குழாயும்தான் மட்டுப்படுத்துகின்றன. தட்டை பில்டர் அப்படியே வெளியே விட்டுவிடும். டப்பா கையில் இல்லையென்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடுங்கள், அலைச்சலுக்குத் தகும்.

அதற்கு முன் ஒன்று: ஐட்லிலேயே 'ஸ்ஸ்' என்று சீறுகிறதா? எஞ்சின் சூடாகுமுன், காபரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகும் மேனிபோல்ட் குழாயின் இணைப்பில் பிரஷ்ஷால் தண்ணீர் தடவுங்கள். சீற்றம் மாறினால், அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கட்தான் கசிகிறது.

டப்பா போட்டபின் கலவையில் பெற்றோல் கூடலாம். பிளக் கரி பிடித்திருந்தால் எஸ்யூ (SU) காபரேட்டரின் அடி நட்டை ஒரு முகம் மட்டும், அதாவது ஆறில் ஒரு சுற்று, திருப்பி மேலேற்றுங்கள். குழாய் வாய் எக்ஸோஸ்ட் பக்கம் பார்க்க வேண்டாம், சூடான காற்றை இழுக்கும் அந்த நிலை குளிர்நாட்டுக்கு.