ஆசிய அபிவிருத்தி வங்கி நன்கொடையில்தானே ஓடுகிறது? அதன் சீர்திருத்தங்களால் நம்மைப் போன்றவர்களுக்கு ஏதாவது மாறியதா?

கேட்டவர் கொழும்புக்காரரோ வெளிநாட்டிலிருப்பவரோ தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். மணிலாவில் இருக்கும் தலைமையகத்தை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கிருந்து புறப்படும் காசு கடைசியில் எங்கள் மேசைக்கு எப்படி வந்து சேரும் என்பது தெரியும்.

முதலில் அந்த "நன்கொடை" என்ற சொல். எங்கள் ஊர் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கத்தவர்கள் பங்குப் பணம் போடுகிறார்கள், அந்த நம்பிக்கையை வைத்துச் சங்கம் கடன் கொடுக்கிறது. 1966இல் 31 நாடுகளோடு தொடங்கிய இந்த வங்கியும் அந்த வகைதான். இலங்கையும் அன்றே சேர்ந்த நாடு. ஆனால் நாடுகள் ஒப்புக்கொண்ட பங்கு மூலதனத்தில் கையில் கட்டியது சுமார் 5 வீதம் மட்டும். மிச்சம் "ஆபத்து வந்தால் தருவோம்" என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் காட்டி உலகச் சந்தையில் மலிவான வட்டிக்குக் கடன் எடுத்து, கொஞ்சம் கூட்டி எங்களுக்குக் கொடுக்கிறது. பெரும்பகுதி கடன் வாங்கிக் கொடுக்கும் கடன். சங்கத்தில் ஆளுக்கொரு வாக்கு. இங்கே மொத்த வாக்குகளில் 20 வீதத்தைத்தான் சமமாகப் பிரிக்கிறார்கள், மற்றதெல்லாம் பங்கைப் பொறுத்தது. ஜப்பானும் அமெரிக்காவும் பங்கில் முன்னுக்கு நிற்கின்றன. இன்றுவரை வந்த தலைவர்கள் எல்லோரும் ஜப்பானியர்.

உண்மையான நன்கொடை ஆசிய அபிவிருத்தி நிதியத்தில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கொருமுறை கொடையாளர் நாடுகள் கூடி அதை நிரப்பும். 2024 மே மாதம் ஜோர்ஜியாவின் தலைநகர் டிபிலிசியில் அடுத்த நான்கு வருடத்துக்கு 5 பில்லியன் டொலர் என்று முடிவாயிற்று, அதிலும் ஒரு பங்கு வங்கியின் சொந்த வருமானத்திலிருந்து வருவது. இந்த மானியம் மிக வறிய நாடுகளுக்கும் பசிபிக் குட்டித் தீவுகளுக்கும் போகிறது. நமக்கு வருவது பெரும்பாலும் கடன், திருப்பிக் கட்டவேண்டிய கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தபோதுகூட இந்த வங்கிக்கும் உலக வங்கிக்கும் கட்டவேண்டியதை நிறுத்தவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நாங்கள் கான்களோடு நின்ற நாட்களிலும் மணிலாவுக்குத் தவணை போனது. அந்த வங்கிக்கு அவ்வளவு உயர்ந்த தரமதிப்பீடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (அடுத்த வருடம் சலுகை வட்டிக் கடனுக்கு இலங்கையை மறுபடி தகுதியாக்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.)

சரி, சீர்திருத்தம். வெறும் பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். 2017இல் செய்தது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். மேலே சொன்ன அதே நிதியத்தின் பெயரில் முன்பு கொடுத்திருந்த சலுகைக் கடன்கள் எல்லாவற்றையும் வங்கியின் பிரதான கணக்கோடு சேர்த்தார்கள். யாரிடமும் புதிதாக ஒரு டொலர் வாங்காமல் மூலதனம் ஏறத்தாழ மும்மடங்கானது. 2023இல், எவ்வளவு மூலதனத்துக்கு எவ்வளவு கடன் என்ற கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பத்து வருடத்தில் 100 பில்லியன் டொலர் கூடுதலாகக் கொடுக்க வழி பண்ணினார்கள். கணக்காளன் என்ற முறையில் இரண்டையும் ரசித்தேன்.

ஆனால் மேலே ஐந்தொகை பெருத்தால் கீழே வேகம் கூடும் என்றில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்துக்கு 2010இல் இந்த வங்கியின் அனுமதி கிடைத்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் என்றார்கள், கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கு என்ன வழி என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையமாக மாறி, அது 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. பதினான்கு வருடம்.

எனக்கு நேரே தெரிந்தது வேறொன்று. 2016இல் இந்த வங்கி சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று இலங்கைக்கு 100 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. திறைசேரி ஊடாகப் பத்து உள்ளூர் வங்கிகளுக்குப் பிரிந்தது. கொழும்புக்கு வெளியே இருப்பவர்கள், முதன்முறை கடன் எடுப்பவர்கள், பெண்கள் ஆகியோருக்கு இவ்வளவு போகவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2018இல் இன்னும் 75 மில்லியன் சேர்ந்தது. கூடவே பெண் தொழில்முனைவோருக்கென்று கொடையாளர் நாடுகள் தொடங்கிய நிதியிலிருந்து 12.6 மில்லியன் மானியமும் வந்தது. நல்ல ஏற்பாடு என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அந்த நாட்களில் வடமராட்சிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தா. வீட்டில் கறித்தூள் வறுத்து இடித்து, கனடாவுக்கும் சுவிஸுக்கும் போகிறவர்களுக்குக் கிலோக் கணக்கில் விற்கிறவ. பைக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தா, மல்லியும் பெருஞ்சீரகமும் சேர்ந்து வறுபட்ட வாசம் அன்று முழுக்க என் கோப்புகளில் இருந்தது. வறுக்கவும் அரைக்கவும் மெசின் வேண்டும். கொப்பியில் கணக்கு எழுதி வைத்திருந்தா, எங்கள் சில பெரிய வாடிக்கையாளர்களின் கணக்கைவிட அது சுத்தமாக இருந்தது. பிணைக்கு அவவின் பெயரிலேயே சீதனக் காணி, காணி உறுதிப் பத்திரமும் கையில்.

உறுதியைப் பார்த்த சட்டத்தரணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கணவர் எங்கே?

தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியென்றாலும் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவவின் கணவர் 2009இல் காணாமல் போனவர். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், கணவர் இருக்குமிடம் தெரியாது என்று காட்டி, அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு வாங்கலாம். அதற்கு மாதமும் செலவும் ஆகும். மரணச் சான்றிதழ் இருந்தால் வேலை சுலபம் என்று யாரோ வாய்விட்டுவிட்டார்கள்.

"தம்பி, அவர் செத்துப்போனார் எண்டு நான் எழுதித் தரமாட்டன். ஒரு மெசினுக்காகவே?" என்று சொல்லிவிட்டு உறுதியை மடித்துப் பைக்குள் வைத்தா.

மணிலாவில் இலக்கு வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பெண்களுக்குப் போகவேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே நினைத்திருப்பார்கள். பருத்தித்துறையில் ஒரு உறுதியின் கடைசிப் பக்கத்தில் யாருடைய கையொப்பம் வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? திட்ட ஆவணம் எழுத வருகிறவர்கள் மாவட்டச் செயலகத்திலும் ஹோட்டலிலும் கூட்டம் வைக்கிறார்கள், எங்கள் கடன் மேசைக்கு ஒருவரும் வந்ததில்லை. வந்திருந்தால் மானியத்தில் ஒரு துண்டை நீதிமன்றச் செலவுக்கு ஒதுக்குங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

அக்கா அடுத்த கிழமை திரும்பவும் வந்தா. என் மேசைக்கல்ல, பக்கத்து அடைவுப் பகுதிக்கு. நான்கு காப்பும் ஒரு சங்கிலியும். நகை அடைவு வைக்க அடையாள அட்டை போதும், கணவரின் கையொப்பம் தேவையில்லை. வட்டி மட்டும் கூட. அந்தக் காசில் அரைக்கும் மெசின் வந்தது, வறுப்பது தொடர்ந்து தாச்சியில்தான்.

அந்த மாதம் கொழும்புக்கு அனுப்பிய அறிக்கையில், இந்தத் திட்டத்தில் கடன் பெற்ற பெண்கள் என்ற நிரலில் எங்கள் கிளை இரண்டு என்று எழுதியது. இரண்டு பேரோடும் கணவர்மார் கூட வந்து கையொப்பம் வைத்திருந்தார்கள்.