ஸ்டிக்கரில் 5 எச்பி, உள்ளே எவ்வளவு? மலிவு விலை புல்வெட்டும் மிஷின்கள்: வாசகர் கேள்வி-பதில்

மழைக்காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி புல்வெட்டும் மிஷின் பற்றியதுதான். இந்த முறை முக்கால்வாசி. விளம்பரத்தில் சொன்னது ஒன்று, தோட்டத்தில் நடப்பது வேறு என்ற வருத்தம் எல்லாவற்றிலும் இருக்கிறது. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

52 சிசி, டூ ஸ்ட்ரோக், 5 எச்பி என்று போட்ட பிரஷ் கட்டர் 8,000 ரூபாய்க்கு வருகிறது. 2 ஏக்கர் தென்னந்தோப்பு. வாங்கலாமா?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

வாங்கலாம். ஆனால் அந்த 5 எச்பியை மனதிலிருந்து அழித்துவிட்டு வாங்குங்கள். அந்த அளவு இன்ஜினில் அவ்வளவு சக்தி வராது. ஸ்டில் நிறுவனம் தன் எஃப்எஸ் 250 மாடலை 40 சிசி, 1.6 கிலோவாட் என்று சொல்லித்தான் விற்கிறது. எச்பி கணக்கில் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 36 சிசி, 1 கிலோவாட், அதாவது 1.3 எச்பி. பெயர் பெற்ற கம்பெனிகளே இவ்வளவுதான் சொல்லும்போது, 8,000 ரூபாய் மிஷினில் 5 எங்கிருந்து வரும்? நல்ல நிலையில் ஓடினால் உங்களுக்கு 2 எச்பி கிடைக்கும்.

தென்னைக்கு இடையில் மண்டும் கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும் அந்த 2 எச்பி போதும். ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் கால் மணி நேரம் ஆறவிட்டு ஓட்டுங்கள். இந்த வகை மிஷினில் ஒரு நல்ல விஷயம், பல பிராண்டுகளுக்கும் ஒரே அச்சு. கார்புரேட்டர், கிளட்ச், ஸ்டார்ட்டர் கயிறு எல்லாம் மாற்றி மாற்றிப் பொருந்தும், ஊர்க் கடையிலேயே கிடைக்கும். எச்பியைப் பார்க்காதீர்கள். சிசியைப் பாருங்கள், கிலோவாட் போட்டிருக்கிறதா பாருங்கள். பில் வாங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

வீட்டு முன்னால் 300 சதுர அடி கொரியன் புல். எந்த லான் மோவர் வாங்கலாம்?
(வாசகி, திருச்சி)

எதுவும் வேண்டாம். கொரியன் புல் மெதுவாக வளரும், மேடு மேடாகக் கட்டி நிற்கும். சின்னச் சக்கரம் வைத்த மிஷின் அதன் மேல் ஏறி இறங்கும்போது தலையைச் சிரைத்துவிடும். செடி வெட்டும் நீளக் கத்தரி ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை நுனியைத் தட்டிவிடுங்கள்.

பிளேடு பக்கத்து நட்டைக் கழற்றவே முடியவில்லை. ஸ்பேனர் வளைந்துவிட்டது. மட்டமான மிஷினா?
(வாசகர், மன்னார்குடி)

மிஷின் சரியாக இருக்கிறது, நீங்கள்தான் எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள். பிரஷ் கட்டரில் பிளேடு நட்டுக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். கூட வந்த காகிதத்தில் இது படமாகவே போட்டிருக்கும். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

'98 விஎஃப்' பேட்டரி கிராஸ் கட்டர், இரண்டு பேட்டரியுடன் 2,800 ரூபாய். ஒரு மணி நேரம் ஓடும் என்றார்கள். பத்து நிமிடத்தில் நிற்கிறது. பேட்டரி கெட்டுவிட்டதா? சர்வீஸ் பண்ண முடியுமா?
(வாசகர், தென்காசி)

பேட்டரி கெடவில்லை. அதில் இருப்பதே அவ்வளவுதான். மூன்று வருடமாக இதையே எழுதி வருகிறேன், இன்னும் இதே கடிதம் வருகிறது. அதனால் இந்த முறை கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

இந்த மிஷின்களின் பேட்டரிக்குள் இருப்பது கட்டைவிரல் பருமனில் உருளையான லித்தியம் செல்கள். ஒரு செல் 3.6 வோல்ட், எடை சுமார் 45 கிராம். 98 வோல்ட் வரவேண்டும் என்றால் 27 செல்களை வரிசையாகக் கோர்க்க வேண்டும். செல்களின் எடை மட்டுமே 1.2 கிலோவுக்கு வரும். உங்கள் பேட்டரியைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோவைக்கூடத் தொடாது. உள்ளே ஐந்து செல் அல்லது பத்து செல்.

தராசு இல்லையா, சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் 21 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஐந்து செல்லும் முழுக்க ஏறும்போது, செல்லுக்கு 4.2 வீதம், சரியாக 21 வோல்ட். உண்மை சார்ஜரின் முதுகில் இருக்கிறது, பொய் பேட்டரியின் நெற்றியில் இருக்கிறது. வோல்ட் என்று நேராக எழுதினால் மாட்டிக்கொள்வார்கள் என்பதால்தான் 'விஎஃப்' என்று கூட ஒரு எழுத்து. அப்படி ஓர் அளவு மின்சாரத்தில் கிடையாது. 48 விஎஃப், 88 விஎஃப், 98 விஎஃப், 128 விஎஃப் எல்லாமே பெரும்பாலும் இதே 21 வோல்ட் பேட்டரிதான். வெளி டப்பா மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும்.

என் பட்டறைக்கு வந்த ஒரு பேட்டரியைப் பிரித்தேன். பத்து செல்லுக்கான டப்பா. கீழ் வரிசையில் ஐந்து செல். மேல் வரிசையில் செல் இருக்கவேண்டிய ஐந்து குழியும் காலி. ஆட்டினால் சத்தம் வரக்கூடாது என்று பசையை உருக்கி ஊற்றியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் ரோஜா நாற்றுப் பண்ணையில் கூலிக்குப் புல் எடுக்கும் பெண்மணி. சீட்டுப் பணத்தில் வாங்கியது. அன்றிலிருந்து இந்த எண்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. மலிவாக விற்பது தப்பே இல்லை. 21 வோல்ட், 2 ஆம்பியர்-அவர், பத்து நிமிடம் ஓடும் என்று உண்மையைப் போட்டு 2,800 ரூபாய்க்கு விற்றால் அதுவும் நியாயமான பொருள்தான். பூந்தொட்டி ஓரம், நடைபாதை ஓரம் சுத்தம் பண்ண அது உதவும். வாங்குகிறவர் தன் தேவைக்குச் சரிவருமா என்று முடிவு செய்துகொள்வார். பொய் எண் போடும்போது அந்த முடிவையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ஓடும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஐந்து செல், செல்லுக்கு 3.6 வீதம் 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் மொத்தம் 36 வாட்-அவர், அதாவது 36 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் ஓடும் அளவு. மோட்டார் 200 வாட் இழுத்தால் பத்து, பதினொரு நிமிடம். நீங்கள் எழுதிய பத்து நிமிடம் அச்சாகப் பொருந்துகிறது பாருங்கள். அடுத்த முறை விளம்பரத்தில் வாட்-அவர் எவ்வளவு என்று தேடுங்கள். அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து அந்தப் பேட்டரியை நீங்களே பிரிக்காதீர்கள். ஸ்க்ரூட்ரைவர் நழுவி இரண்டு முனையைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

என் மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்ய?
(வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

என்ன மிஷின், பெட்ரோலா கரண்டா, எத்தனை நாளாக நிற்கிறது, எதுவும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? பெட்ரோல் பிரஷ் கட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன், போன சீசனில் மிச்சமிருந்த பெட்ரோலோடு மூலையில் வைத்திருப்பீர்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசின் மாதிரிப் படியும், உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போகும். பழைய பெட்ரோலை வெளியே கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் கார்புரேட்டர் கிட் மாற்ற வேண்டும், சில நூறு ரூபாயோடு முடியும். இனி வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் ஆயில் கலக்காமல் ஊற்றாதீர்கள். சாதாரண 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி.

கரண்ட் லான் மோவர், 1,600 வாட், 'நூறு சதவீதம் காப்பர் வைண்டிங்' என்று போட்டிருந்தது. மூன்றே மாதத்தில் புகைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகர், ஓசூர்)

ஏமாற்றியிருக்கலாம். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்து விற்பது நடக்கிறது. வைண்டிங் கடையில் கம்பியைக் கொஞ்சம் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சீரியல் லைட்டுக்கு வாங்கிய 30 மீட்டர் ஒயரில் இழுத்து ஓட்டினேன் என்று. 1,600 வாட் என்றால் 7 ஆம்பியர். அந்த மெல்லிய ஒயரில் பத்து, இருபது வோல்ட் வழியிலேயே போய்விடும். மாலையில் லைன் வோல்டேஜும் குறைந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். அசல் காப்பரே இருந்தாலும் புகையும். குறைந்தது 1.5 ஸ்கொயர் எம்எம், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கேபிள் வேண்டும். வீட்டு மெயின் போர்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரப்புல்லில் கரண்ட் மிஷினோடு நிற்பவர் நீங்கள்.

'கூர் மங்காத பிளேடு' என்ற விளம்பரத்தை நம்பி மோவர் வாங்கினேன். வெட்டிய மறுநாள் புல் நுனி எல்லாம் வெளுத்துவிடுகிறது.
(வாசகி, ஏற்காடு)

கூர் மங்காத பிளேடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. விலை கூடிய மிஷினிலும் தீட்டித்தான் ஆக வேண்டும். மழுங்கின பிளேடு வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி காய்ந்து வெளுக்கும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் மிஷின் என்றால் ஸ்பார்க் பிளக் தொப்பியை எடுத்துவிட்டு, பிளேடைக் கழற்றி அரத்தால் இரண்டு முனையையும் ஒரே அளவு ராவுங்கள். பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து நடு ஓட்டையில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் கீழே சாய்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். மட்டமாக நின்றால் சரி. சமன் இல்லாமல் ஓட்டினால் மலிவு மிஷினின் பேரிங் ஒரு சீசன்கூடத் தாங்காது. புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள்.

பிரஷ் கட்டரில் பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலான் கயிறு சீக்கிரம் தேய்கிறது. வீடியோவில் பைக் செயினை வெட்டி மாட்டுகிறார்கள். நானும் மாட்டலாமா?
(வாசகர், பரமக்குடி)

கூடாது. கூடவே கூடாது. நிமிடத்துக்கு 6,000, 7,000 சுற்று சுற்றும் இடத்தில் ஒரு கண்ணி அறுந்தால் அது தோட்டா. உங்கள் காலிலோ பக்கத்தில் நிற்கும் குழந்தையின் நெஞ்சிலோ பாயும். மிஷினோடு வந்த பிளேடு, பிளேடை மறைக்கும் தடுப்பு, கண்ணாடி, பூட்ஸ். 15 மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது. இதில் எதையும் விலை பார்த்துக் குறைக்காதீர்கள்.

ஒரு வருட வாரன்ட்டி என்று ஆன்லைனில் வாங்கினேன். கியர் பாக்ஸ் பற்கள் போய்விட்டன. விற்றவர் போனையே எடுக்கவில்லை.
(வாசகர், ஆம்பூர்)

அட்டைப் பெட்டியை வைத்திருக்கிறீர்களா? இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, புகார் எண் எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும், அது சட்டம். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உடைந்த பாகத்தின் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு முதலில் 1915-க்குப் போன் பண்ணுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். ஆனால் 'பில் தொலைந்துவிட்டது' என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

மானியத்தில் பிரஷ் கட்டர் கிடைக்குமா?
(வாசகர், கள்ளக்குறிச்சி)

வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள், உழவன் செயலியிலும் பதியலாம். சிறு, குறு விவசாயி, பெண்கள், பட்டியல் இனத்தவருக்குப் பாதி, மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்பு உண்டு. கடையில் முதலில் வாங்கிவிட்டு அப்புறம் போய் நிற்காதீர்கள். அந்தப் பட்டியலில் ஏறும் மிஷின்களுக்குச் சோதனை அறிக்கை கேட்பார்கள். ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் கார்லாடின்னேயில் உள்ள மத்திய அரசு நிலையம் போன்ற இடங்களில் சக்தியை அளந்து எழுதித் தருகிறார்கள். மானியமே வாங்காதவரும் டீலரிடம் அந்த அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் இருக்கும் எச்பியை நம்பலாம்.

நைலான் கயிறு பொடிப்பொடியாக உடைகிறது. மட்டமான கயிறா?
(வாசகி, நாகர்கோவில்)

வெயிலில் காய்ந்த கயிறு. ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் துடைத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வளையும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.