மகன் ஏன் பூசைக்கு வருவதில்லை?

கடிதம்:

வணக்கம். நான் முருங்கனில் பல வருடம் மறைக்கல்வி படிப்பித்தவன். இலண்டனில் தங்கை வீட்டில் நின்றுவிட்டு இப்போதுதான் திரும்பினேன். அங்கே கோயில்களைப் பூட்டி விற்கிறார்கள். இங்கே என் மகன் உயர்தரம் முடித்த கையோடு பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். எல்லாம் கைபேசி செய்த வேலை. வன்னிக்கும் அந்தக் காலம் வருமா?

பதில்:

அன்புள்ள அண்ணா,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011இல் 59.3 வீதம், 2021இல் 46.2 வீதம். சரி, அது அவர்களின் கதை. கைபேசியைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

நான் சைவ வீட்டுப் பிள்ளை. ஆனாலும் ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போவோம். காட்டுக்குள் கூடாரம் அடித்துச் சமைப்போம். பாம்புக்கடிக்கு நல்லதென்று அம்மா மடு மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வருவா. நீங்கள் வேதக்காரரா என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் ஆயிரக்கணக்கான சனம் அந்த வளவில்தான் தஞ்சமிருந்தது. 1999 நவம்பரில் அங்கேயும் எறிகணை விழுந்து 40 பேரளவில் செத்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் சுருவத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. மாதாவும் எங்களைப்போல இடம்பெயர்ந்தா.

போர் முடிந்தபோது, 2009 மே 18இல், வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் பஸ் ஏறினார். இன்றுவரை திரும்பவில்லை. 2011இல் இராயப்பு ஜோசப் ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அரசாங்கத்தின் சொந்தக் கணக்கை வைத்தே, இறுதிப் போரில் வன்னியில் கணக்கில் வராமல் போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவர் அப்போது உங்கள் மன்னார் மறைமாவட்டத்தின் ஆயர், அண்ணா! இந்த இரண்டு பெயரையும் உங்கள் வகுப்பில் ஒருநாளாவது சொன்னீர்களா? உங்கள் மகன் அங்கே என்ன படித்தான்? மனப்பாடச் செபமும் வினாவிடைப் போட்டியும்தானே? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கினார்கள். கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு சேர்க்கிற உங்கள் பங்குச் சபை ஒரு ஞாயிறாவது அவர்களிடம் போனதா? தன் வீட்டுத் துயரத்தைப் பேசாத இடத்துக்கு ஒரு இளம்பிள்ளை எதற்கு வரவேண்டும்? கோபமாகத்தான் கேட்கிறேன், உரிமையில் கேட்கிறேன்.

அவனைப் பூசைக்கு இழுக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போங்கள். அந்த அம்மாக்களில் பலர் நெற்றியில் திருநீறு பூசியிருப்பார்கள். பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பகல் முழுக்க அவர்கள் சொல்வதை இருவரும் கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று பிறகு எனக்கு எழுதுங்கள்.