பதில்: வெள்ளத்தில் சிக்னல் போனால் எப்படி அறிவிப்பது?

தம்பி, மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வெள்ளத்தோடு போன் செத்துப்போச்சு, 117க்கு (இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம்) "சிக்னல் இல்லை" என்று சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தீங்கள். அந்த ஒரு வரியை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாது.

போனில் சிக்னல் கோடே இல்லையா, கோடு இருந்தும் கோல் போகவில்லையா? இதைத்தான் முதலில் பிரித்துச் சொல்லவேணும். கோடே இல்லையென்றால் பெரும்பாலும் கரண்ட் போய், டவர் பேட்டரியும் இறங்கியிருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் போகவேணும். பாதை மூடியிருந்தால் தோணியில்தான். கோடு இருந்தால் நெரிசலாக இருக்கலாம், டவரின் இணைப்புக் கேபிள் அறுந்தும் இருக்கலாம். பக்கத்து வீட்டு வேறு கம்பனி சிம்மையும் ஒருக்கா பாருங்கள்.

பிறகு இப்படி எழுதுங்கள்: "மண்டூர், கோயிலடி. காலை 6.40இலிருந்து இந்தக் கம்பனிக்குக் கோடு இல்லை, மற்றது வேலை செய்யுது. கரண்ட் நேற்றிரவு போனது. ரோட்டில் முழங்கால் தண்ணி."

இதை எஸ்எம்எஸ்ஸாக மட்டக்களப்பு டவுனில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பி, 117க்கும் கம்பனிக்கும் அவரையே கோல் எடுக்கச் சொல்லுங்கள். கோல் போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் சிலவேளை போய்ச் சேரும். (பேஸ்புக்கில் போட்டால் லைக் வரும், டீசல் வராது.) எதுவுமே போகாவிட்டால் துண்டில் எழுதி கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். சிக்னல் திரும்பினாலும் நேரத்தோடு அறிவியுங்கள், இல்லாவிட்டால் மற்ற ஊருக்குப் போகவேண்டிய டீசல் உங்களிடம் வந்து நிற்கும்.