விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு மாற்றாக எதைப் பயன்படுத்துகிறீர்கள், ஏன்?

விண்டோஸ் 10, இரண்டு ஹார்டு டிஸ்க், அதில் ஏழெட்டு வருடத்துப் படங்கள் சிதறிக் கிடக்கின்றன, எக்ஸ்ப்ளோரரோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் மட்டும் போதுமென்றால்: டபுள் கமாண்டர். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கும்.

கோபிச்செட்டிபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தை பிறந்துவிட்டால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டம்தான். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, நான்கு கார்டு. கேமரா படங்களுக்கு வைக்கும் பெயரில் நான்கு இலக்க எண்தான் இருக்கும். 9999 முடிந்தால் மறுபடி 0001. எங்களுடைய இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் இரண்டு கார்டிலும் ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் இருப்பது சகஜம். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் மண்டபத்திலிருந்து நள்ளிரவு தாண்டி வந்து, தூக்கக் கலக்கத்தில் இரண்டாவது கார்டையும் முதல் கார்டு இருந்த ஃபோல்டரிலேயே பேஸ்ட் செய்தேன். இதே பெயரில் ஃபைல்கள் இருக்கின்றன, மாற்றி எழுதட்டுமா என்று எக்ஸ்ப்ளோரர் கேட்டது. ஆமாம் என்று அமுக்கிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் கார்டுகளை ஃபார்மட் செய்து தம்பியிடம் கொடுத்து ஒரு காதுகுத்துக்கு அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "ஏனுங்க, எல்லாப் படமும் வந்துச்சு, இணைச்சீர் படம் ஒண்ணுகூடக் காணமுங்களே?"

இணைச்சீர் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி பங்கேற்கும் சடங்கு. அது இல்லாத ஆல்பம் என்றால் மாப்பிள்ளையின் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்துக் கார்டைத் துழாவினேன். புதுப் படங்கள் ஏறிய இடம் போக மீதி கிடைத்தது, இணைச்சீரும் பெரும்பாலும் தப்பியது. ஆனால் அது பழைய பெயர்களைத் திருப்பித் தராது. படம் எடுத்த நேரத்தைப் பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தவே இரண்டு நாள் ஆயிற்று.

தப்பு என்னுடையதுதான், எக்ஸ்ப்ளோரர் கேட்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த ஆடியில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது மாற்று மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் டோட்டல் கமாண்டர். சுவிட்சர்லாந்துக்காரர் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993 முதல் எழுதிவருவது. திரையில் இரண்டு பலகம், இடப்பக்கம் கார்டு, வலப்பக்கம் ஹார்டு டிஸ்க். எஃப்5 காப்பி, எஃப்6 நகர்த்தல், எஃப்7 புது ஃபோல்டர். இந்தப் பழக்கம் 1986இல் டாஸ் காலத்தில் வந்த நார்ட்டன் கமாண்டரிலிருந்து வருவது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டிடிபி அண்ணன் நீலத் திரையில் மவுஸே தொடாமல் விரலோட்டிக்கொண்டிருப்பார், நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல மென்பொருள், ஆனால் காசு. 30 நாள் சோதனைக் காலம், திறக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றில் எதையாவது அமுக்கச் சொல்லும்.

டபுள் கமாண்டர் அதைப் பார்த்துச் செய்த திறமூல மென்பொருள், இலவசம். லினக்ஸிலும் ஓடும். எனக்கு அதில் மூன்று காரியம் முக்கியம். கார்டில் படங்கள் இரண்டு மூன்று உள் ஃபோல்டரில் பிரிந்து கிடந்தால் கன்ட்ரோல் பி அமுக்கினால் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்5. ஒரே பெயர் மோதினால், பெயரைத் தானாக மாற்றிக் காப்பி செய் என்ற வழி அங்கேயே இருக்கிறது. இரண்டாவது, கன்ட்ரோல் எம், மொத்தப் பெயர் மாற்றம். எந்தக் கேமரா என்ற எழுத்தைப் பெயருக்கு முன்னால் சேர்த்துவிடுவேன். மூன்றாவது, கார்டையும் ஃபோல்டரையும் உள்ளடக்கம் வரை ஒப்பிடும் வசதி. பெயர் மாற்றுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வேறு வேறு ஃபைல் என்று காட்டும். ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்போதெல்லாம் ஒரு கார்டையும் ஃபார்மட் செய்வதில்லை, தம்பி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

குறையும் உண்டு. முகம் பழைய காலத்துது. சின்னப் படங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னும் எக்ஸ்ப்ளோரர்தான் வசதி. அதற்கே நல்ல மாற்று வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் டைரக்டரி ஓபஸ் இருக்கிறது. அமிகா கணினிக்காகத் தொடங்கியது, பிரமாதமானது, அதுவும் காசுதான். ஒரே சன்னலில் பல ஃபோல்டர்களைத் திறந்துவைக்கும் டேப் வசதி மட்டும் போதுமென்றால் விண்டோஸ் 11இல் 2022இலேயே வந்துவிட்டது, ஆனால் உங்களுடையது 10.

உங்கள் உண்மையான தொல்லை, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தேடுவதா? அப்படியானால் ஃபைல் மேனேஜரையே மாற்ற வேண்டாம், எவ்ரிதிங் என்ற சின்ன மென்பொருளைப் போடுங்கள். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் அட்டவணையையே நேராகப் படிப்பதால் நான்கு எழுத்து அடிப்பதற்குள் முடிவு வந்து நிற்கும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் ஃபார்மட் செய்த கார்டு, பென் டிரைவ் என்றால் மட்டும் அமைப்பில் போய் ஃபோல்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, கார்டிலோ பென் டிரைவிலோ இருப்பதை அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. எஃப்8தான் அழிக்கும் விசை, அது பழகும்வரை அந்தப் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டபுள் கமாண்டருக்கு போர்ட்டபிள் பதிப்பும் இருக்கிறது, நிறுவ வேண்டியதில்லை. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டால் முடிந்தது.