டிஸ்க் போனால் விண்டோஸும் போய்விடுமா?

கேள்வி: குறைந்த விலை லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 ஹோம் உடன் வந்தது. வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. புது எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன், ஆனால் பெட்டியில் விண்டோஸ் சிடி எதுவும் வரவில்லை. நிறுவனத்தைக் கேட்டால், "ரெக்கவரி சாஃப்ட்வேர் பழைய டிஸ்கிலேயே இருந்தது, வேண்டுமானால் பணம் கட்டி ரெக்கவரி யூஎஸ்பி வாங்குங்கள்" என்கிறார்கள். விண்டோஸை மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். லேப்டாப் வாங்கியபோதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தீர்கள். அந்த உரிமம் செத்துப்போன டிஸ்கில் இல்லை.

எக்ஸ்பி, விஸ்டா, 7 காலத்தில் உரிமத்தின் கீ (அதாவது, விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் குறியீடு), மெஷினின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, தயாரிப்பாளர்கள் அதை மதர்போர்டில், மெஷினை முதலில் உயிர்ப்பிக்கும் மென்பொருள் இருக்கும் பயாஸ் சிப்பிலேயே பதிக்கத் தொடங்கினார்கள். டிஸ்கை மாற்றினாலும் கீ அதே இடத்தில் இருக்கும். உங்களிடம் இல்லாதது இன்ஸ்டால் செய்யும் கோப்புகள் மட்டும்தான். முன்பு இதற்கு சிடி கொடுத்தார்கள். செலவைக் குறைக்க அதை நிறுத்திவிட்டு, டிஸ்கிலேயே ஒரு மறைவான பகுதியில் எல்லாவற்றையும் வைத்தார்கள். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரிதான் இது. டிஸ்க் கெட்டால் உதவ வேண்டியது டிஸ்கோடு சேர்ந்தே போகிறது. வாங்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லாமல், கெட்டபிறகு விலை சொல்வது நியாயமே இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வேறொரு கம்ப்யூட்டரும், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலி பென் டிரைவும் போதும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கிறது. அது பென் டிரைவில் இன்ஸ்டாலரை எழுதித் தரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்து, பிராசஸரும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தால் நேராக 11-ஐயே போடுங்கள். விண்டோஸ் 10 கீ அதற்கும் செல்லும்.

இன்ஸ்டாலர் பெரும்பாலும் கீயைக் கேட்காது, சிப்பிலிருந்து தானே படித்துக்கொள்ளும். கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பதிப்பையே போடுங்கள். ஹோம் உரிமத்தின் மேல் ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. விஷயம் தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடம் இது. முடிந்ததும் இணையத்தில் இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும்.

சில லேப்டாப்களில் இன்ஸ்டாலர் புது எஸ்எஸ்டியையே காட்டாது. இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்து வந்த மெஷின்களில் இது அதிகம். எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (டிஸ்கை இன்ஸ்டாலர் அடையாளம் காண உதவும் மென்பொருள்) இறக்கி, விரித்து (எக்ஸ்ட்ராக்ட் செய்து), அதே பென் டிரைவில் போட்டு, டிஸ்க் தேர்வுத் திரையில் உள்ள "லோட் டிரைவர்" வழியாகக் காட்டினால் டிஸ்க் தெரியும். வைஃபை வேலை செய்யவில்லையா? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். நெட் கிடைத்ததும் மற்ற டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்துவிடும்.

அப்புறம், நிறுவனம் கேட்கும் பணம் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள். அது விண்டோஸுக்கு அல்ல. அவர்களுடைய டிரைவர்களும் கூடுதல் மென்பொருள்களும் சேர்ந்த ரெக்கவரி தொகுப்புக்கு. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றும் பல மாடல்களுக்கு இப்படிப்பட்ட தொகுப்பை டவுன்லோடாகவே தருகின்றன. உங்கள் நிறுவனத்திடமும் அதைக் கேளுங்கள். போனில் கேட்க வேண்டாம். முதலில் எடுப்பவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும், டிஸ்கே இல்லாத மெஷினைக்கூட "ரீசெட் செய்து பாருங்கள்" என்பார். சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு, "இந்த மாடலுக்கு ரெக்கவரி இமேஜ் டவுன்லோடு உண்டா, இல்லையா?" என்று மின்னஞ்சலில் ஒரே கேள்வியாகக் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை வைத்துத்தான் மேலிடத்தில் முறையிட முடியும்.

டிஸ்க் இன்னும் நன்றாக இருக்கும் மற்ற வாசகர்கள் இதை இன்றே செய்துவிடுங்கள்: விண்டோஸ் தேடலில் "ரெக்கவரி டிரைவ்" என்பதை ஆங்கிலத்தில் தட்டி, 32 ஜிபி பென் டிரைவில் ஒன்று உருவாக்குங்கள். உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் ஏறாது, அவற்றைத் தனியாக நகலெடுக்க வேண்டும். டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் கீயையும் தாளில் குறித்து வையுங்கள்.

டிஸ்க் அல்லாமல் மதர்போர்டே போனால் கதை வேறு, கீ அதிலேதான் இருக்கிறது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் போர்டை மாற்றினால், உங்கள் கீயைப் புதுப் போர்டில் பதித்துத் தருவது அவர்கள் வேலை. மெஷினை சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்ப வாங்கும்போது அங்கேயே நெட்டில் இணைத்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "ஆக்டிவ்" என்று காட்டாத வரை டெலிவரி தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.